வறுமையும் வகுப்பறையும்

வறுமை கல்விக்குப் பகை என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆயின், அப்பகை எந்த வழியாக வகுப்பறைக்குள் நுழைகிறது, குழந்தையிடமிருந்து எவற்றைக் கவர்ந்து செல்கிறது என்று கேட்டால், நம்மில் பலர் விடை கூறத் தயங்குவோம். "ஏழைப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. "அறிவுள்ள பிள்ளை குடிசையில் பிறந்தாலும் முன்னுக்கு வந்துவிடும்" என்று மற்றொரு பேச்சும் உண்டு. இரண்டும் ஆராயாமல் சொல்லப்படுபவை. முன்னது குழந்தையின் மேல் பழியைப் போடுகிறது. பின்னது நம்மைப் பொறுப்பினின்று விடுவித்துவிடுகிறது. ஆசிரியப் பயிற்சி முடித்து வெளிவந்த நாளில் இவ்விரண்டையுமே மாறி மாறி நம்பியவன் நான். அந்த நம்பிக்கை எங்ஙனம் கலைந்தது என்பதையும் சேர்த்தே இன்று நேயர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

என் அனுபவத்தில், வறுமை ஒரு மாணவனிடமிருந்து நான்கு பொருள்களை எடுத்துக்கொள்கிறது. முதலாவது உணவு. இரண்டாவது நேரம். மூன்றாவது படிப்பதற்குரிய இடமும் அமைதியும். நான்காவது மதிப்பு. இந்நான்கினையும் ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவோம்.

முதலில் உணவு. இதனைப் பற்றிப் பேசும் உரிமை நமது தாமிரபரணிச் சீமைக்குச் சற்றுக் கூடுதலாகவே உண்டு. 1956-ஆம் ஆண்டில் முதலமைச்சர் காமராசர் தொடங்கிய மதிய உணவுத் திட்டம், பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் அடியெடுத்து வைத்தது. எட்டயபுரம் இன்று தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1986-இல் மாவட்டம் பிரியும் வரை அது திருநெல்வேலி மாவட்டமே. பொதுக் கல்வி இயக்குநராக விளங்கிய நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் ஊர் ஊராகச் சென்று பெரியோரைக் கூட்டிப் பேசினார்கள். தொடக்கத்தில் ஊராரின் கொடையே அடுப்பை எரித்தது. பின்னர் செலவில் நூற்றுக்கு அறுபது பங்கினை அரசு ஏற்றது. எஞ்சிய நாற்பது பங்கினை ஊரார் தந்தனர். ஒரு வீட்டில் பிடி அரிசி, மற்றொரு வீட்டில் ஒரு கட்டு விறகு, தோட்டமுடையவரிடம் காய் என்று சேர்ந்ததே அந்நாளைய பள்ளிச் சோறு.

இதற்கும் முன்னோடி உண்டு. 1920-இல், பி. தியாகராயர் தலைவராயிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியொன்றில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. பிள்ளையொன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படக்கூடாது என்பது வரம்பு. வருகை பெருகிற்று, எனினும் 1925-இல் பணத் தடையால் அது நின்றுபோயிற்று. எட்டயபுரத்துக்குப் பின் வந்த வரலாறு அப்படி நிற்கவில்லை. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக அதனை விரிவாக்கினார். கலைஞர் காலத்தில் 1989-இல் தட்டில் முட்டை சேர்ந்தது. 2001 நவம்பர் 28 அன்று, நாடெங்கும் அரசு தொடக்கப் பள்ளிகளிலும் உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த உணவு வழங்கப்பட வேண்டுமென உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கிற்று. மறு ஆண்டு அது அரசு தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவிற்று. ஓரணாவில் தொடங்கிய ஓர் எண்ணம் காலைச் சிற்றுண்டியாக முழுமை பெறுவதற்கு நூறாண்டுகள் ஆயின.

"சோறு போட்டால் பிள்ளைகள் வரலாம்; சோற்றினால் படிப்பு வருமா?" என்று கேட்போர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். அவர்களுக்கு விடை கூற ஒரு பழைய சோதனையை நினைவூட்டுகிறேன். இங்கிலாந்தின் வடபகுதியில் பிராட்போர்டு என்னும் ஆலை நகரம் இருக்கிறது. 1907-இல் அந்நகரத்தார் ஏழைப் பிள்ளைகள் சிலருக்குக் காலையில் ஓட்ஸ் கஞ்சியும் நண்பகலில் உணவும் அளித்து, வாரந்தோறும் எடை பார்த்தனர். பள்ளி நடந்த வாரங்களில் எடை ஏறிற்று. விடுமுறை வந்ததும் இறங்கிற்று. பள்ளி திறந்ததும் மீண்டும் ஏறிற்று. விடுமுறை என்பது செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு விளையாட்டு. ஏழைப் பிள்ளைக்கு அது பட்டினியாகவும் இருக்கக்கூடும் என்பதை அந்த எடைப் பட்டியல் காட்டிற்று.

இதனைப் படித்தபொழுது எனக்கு என் பள்ளியின் திங்கட்கிழமைகள் நினைவுக்கு வந்தன. திங்கட்கிழமை காலையில் பிள்ளைகள் கணக்கில் தவறு செய்வார்கள், எழுத்தில் பிழை விடுவார்கள், சிறு பேச்சுக்கும் சண்டையிடுவார்கள். இரண்டு நாள் விளையாடிய மயக்கம் என்று நான் கருதினேன். திங்கட்கிழமைதோறும் முதற்பாடமாக மனக்கணக்கு வைத்துக் கடிந்தும் வந்தேன். சனியும் ஞாயிறும் சத்துணவு இல்லாத நாள்கள் என்பது எனக்குத் தெரியாததன்று. தெரிந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் பார்க்க எனக்குப் பல்லாண்டுகள் ஆயின.

பசி ஒருநாள் வாட்டம் மட்டுமன்று. நாள்பட்ட பசி இரத்தத்தில் இரும்புச்சத்தைக் குறைக்கும். அந்நிலையைச் சோகை என்கிறோம். சோகையுற்ற குழந்தைக்கு மூச்சு இளைக்கும், தலை கனக்கும், கவனம் நில்லாது. குடற்புழுக்கள் வேறு உண்ட உணவின் பயனைப் பங்கு கேட்கும். வகுப்பில் பின்வரிசையில் சாய்ந்து அமர்ந்திருக்கும் பிள்ளையிடம் நாம் சோம்பல் என்று காண்பது, மருத்துவர் பார்வையில் சோகையாக இருக்கலாம். இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருப்பதே ஆசிரியனுக்கு நேரும் இடர். இன்னும் ஒன்று. நம் நாட்டில் பள்ளி உணவு உண்டு வளர்ந்த பெண்களின் குழந்தைகளிடையே வளர்ச்சிக் குறைவு குறைந்து காணப்படுகிறதென 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறுகிறது. ஆதலின், இன்று ஒரு சிறுமியின் தட்டில் விழும் சோறு அவளோடு முடிந்துவிடுவதில்லை. அவள் பெறப்போகும் பிள்ளைக்கும் அதில் பங்கு உண்டு.

இரண்டாவது நேரம். தாமிரபரணிப் பாசனத்தில் இரண்டு போகம். கார் ஒன்று, பிசானம் ஒன்று. பாவநாசத்துக்குக் கீழே ஆற்றில் புதுத் தண்ணீர் வந்து கார் நடவு தொடங்கும் காலமும் பள்ளிக்கூடம் திறக்கும் காலமும் ஏறத்தாழ ஒன்றே. தாய் நாற்று நடப் போனால், மூத்த பெண் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கார் அறுவடைக்கும் காலாண்டுத் தேர்வுக்கும் அதே நெருக்கம். தெற்கே செம்மண் நிலத்தில் பனையேறும் குடும்பங்கள் பதநீர்க் காலத்தில் விளைகளிலேயே குடிசை போட்டுத் தங்கிய நாளில், பிள்ளைகளின் பெயர் வருகைப் பதிவேட்டில் வாரக்கணக்கில் வெறுமையாகக் கிடந்தது. வயலுக்கும் பனைக்கும் பருவம் உண்டு. வேலை முடிந்ததும் பிள்ளை திரும்பிவிடும். பருவமே இல்லாத வேலை ஒன்று எங்கள் பக்கத்தில் உண்டு. அது பீடி சுற்றுதல்.

மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம் வட்டாரங்களில் திண்ணைதோறும் பெண்கள் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் காட்சியை நேயர்கள் கண்டிருப்பீர்கள். கடையில் இலையையும் தூளையும் எடையிட்டுக் கொடுப்பார்கள். இலையை ஊறவைத்து, அளவாக வெட்டி, தூள் வைத்துச் சுற்றி, முனையை மடக்கி, நூலால் கட்ட வேண்டும். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. நாற்பது கட்டு ஆயிரம். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்பது கணக்கு. கொடுத்த இலைக்கு எண்ணிக்கை குறைந்தால், குறைவு சுற்றியவர் தலையில் விழும். ஆயிரத்தை எட்டுவதற்கு ஒருத்தியின் இரண்டு கை போதாத நாளில், முனை மடக்கவும் கட்டு கட்டவும் மகளின் விரல்கள் வந்து சேரும். சிறு விரல்கள் அவ்வேலைக்கு வாய்ப்பானவை என்பதே கொடுமை. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் பதினான்கு வயது நிரம்பாதோரைப் பீடித் தொழிலில் அமர்த்தலாகாது என்றது. ஆனால் குடும்பத்தார் துணைகொண்டு நடக்கும் வேலைக்கு விலக்கு அளித்தது. தொழிற்கூடத்தின் வாயிலில் நின்றுவிட்ட சட்டம் திண்ணை ஏறவில்லை. 2016-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, பதினான்கு வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்று ஆயிற்று. அபாயமற்ற குடும்ப வேலையில் மட்டும் பள்ளி நேரம் போக உதவலாம் என்பது இன்றைய நிலை.

பள்ளி நேரம் போக என்னும் சொற்றொடரைச் சற்று நின்று நோக்க வேண்டும். பள்ளி நேரம் போக எஞ்சுவதுதான் வீட்டுப்பாடத்தின் நேரம், உறக்கத்தின் நேரம், விளையாட்டின் நேரம். வகுப்பில் ஐந்து மணி நேரம் ஆசிரியர் சொன்னது மாலையில் ஒரு மணி நேரம் தனியே அமர்ந்து எண்ணிப் பார்த்தால்தான் ஊன்றும். அந்த ஒரு மணியை இழந்த பிள்ளை பள்ளிக்கு நாள் தவறாமல் வந்தாலும் பாதி மாணவனே.

மூன்றாவது, இடமும் அமைதியும். ஓர் அறையே வீடாக உள்ள குடும்பத்தில் அடுப்பும் தொட்டிலும் நோயாளியும் பாடநூலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். மின்விளக்கு வந்துவிட்டது உண்மையே. ஆயினும் அவ்விளக்கின் கீழ் யார் அமர்வது என்பதை வறுமையே முடிவு செய்கிறது. கூலிக்கு உழைப்பவருக்கு வெளிச்சம் முதலில், படிப்பவருக்கு மிச்சம்.

பாளையங்கோட்டைக்குத் தென்னாட்டு ஆக்ஸ்போர்டு என்று ஒரு சிறப்புப் பெயர் வழங்குகிறது. ஊசிக்கோபுரத்தைச் சுற்றிலும் பள்ளிகளும் கல்லூரிகளும் நெருங்கி நிற்பதே காரணம் என்பர். 1820-இல் இங்கு வந்த ரேனியஸ் ஐயர் காலம் தொட்டுப் பள்ளிகள் பெருகின. எனினும் இந்த ஊரின் கல்விப் பெருமையில் பள்ளிக்கூடங்களுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, விடுதிகளுக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்பது என் துணிபு. தேரிக்காட்டிலிருந்தும் கரிசல் காட்டிலிருந்தும் வந்த பிள்ளைக்கு விடுதி அளித்தது என்ன? வேளைக்குச் சோறு, மணியடித்தால் படிப்பு நேரம், ஒரு விளக்கு, பேசாதிருக்கும் ஒரு கூடம். நான் மேலே சொன்ன மூன்று இழப்புகளையும் விடுதி ஒருசேர ஈடு செய்தது. பிற்காலத்தில் அரசு நடத்தும் ஆதிதிராவிடர் நல விடுதிகளும் பிற்படுத்தப்பட்டோர் விடுதிகளும் இதே பணியைச் செய்து வருகின்றன. கூரை வீட்டுப் பிள்ளைகள் அவ்விடுதிகளில் தங்கி மருத்துவராகவும் பொறியாளராகவும் வெளிவந்ததற்கு அவர்களுடைய மூளை திடீரென மாறியது காரணமன்று. சூழல் மாறியது, மூளை முன்னிருந்ததே.

இதற்கு நம் தமிழகத்திலேயே நல்லதொரு சான்று கிடைத்திருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் கரும்பு பயிரிடுவோர் 464 பேரிடம் ஆய்வாளர் சிலர் நடத்திய சோதனை 2013-இல் வெளிவந்தது. கரும்பு வெட்டிப் பணம் கைக்கு வருவதற்கு முன் ஒருமுறையும், வந்தபின் ஒருமுறையும் ஒரே ஆளுக்கு அறிவுச் சோதனை வைத்தார்கள். அறுவடைக்கு முன், கடனும் அடகும் கழுத்தை நெரித்த நாளில், அவர்கள் பெற்ற மதிப்பு குறைவாக இருந்தது. அறுவடைக்குப் பின் அதே மனிதர்கள் கூடுதலாகப் பெற்றனர். இடையில் அவர்கள் எந்தப் பள்ளிக்கும் செல்லவில்லை. கவலை நீங்கிற்று, அவ்வளவே. வறுமை அறிவைக் குறைப்பதில்லை. அறிவின் பெரும்பகுதியைக் கவலை என்னும் வேலைக்கு அனுப்பிவிடுகிறது. முதிர்ந்த விவசாயிக்கே இந்நிலையென்றால், "நாளைக்குக் கடைக்காரர் வந்து கேட்பாரே" என்று தாய் புலம்பக் கேட்டுவிட்டுப் பள்ளிக்கு வரும் பத்து வயதுக் குழந்தையின் நிலையை எண்ணிப் பாருங்கள். கரும்பலகையில் நாம் எழுதும் பின்னக் கணக்கு அதன் கண்ணில் படுகிறது, கருத்தில் படுவதில்லை.

இனி நான்காவது. மதிப்பு என்று அதனைக் குறிப்பிட்டேன். முதல் மூன்றினை வறுமை நேராகவே எடுத்துக்கொள்கிறது. நான்காவதை எடுப்பதற்கு அதற்கு ஒரு கை தேவைப்படுகிறது. அந்தக் கை பெரும்பாலும் ஆசிரியன் கையே. இதனை நான் பிறரைக் குறைகூறுவதற்காகச் சொல்லவில்லை. என் கையே அதனைச் செய்தது.

1990-களின் நடுவில், பீடி சுற்றும் ஊர் ஒன்றில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியனாக இருந்தேன். என் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். வாரத்தில் இரண்டு நாளேனும் மணியடித்த பிறகே வருவாள். வீட்டுப்பாடம் எழுதி வந்த நாளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிற்பகலில் கண் செருகும். கணக்கில் வகுத்தல் வந்தால் சிலேட்டைக் குனிந்து பார்த்தபடியே இருப்பாள். நேரம் கழித்து வந்த நாள்களில் அவளை வாயிலில் நிறுத்தினேன். ஆண்டிறுதியில் தேர்ச்சி அறிக்கையில் ஆசிரியர் குறிப்பு எழுதும் கட்டத்தில், "படிப்பில் மந்தம், கவனமில்லை" என்று எழுதினேன். நாற்பது பிள்ளைகளின் அறிக்கைகளை ஒரே மாலையில் எழுதி முடித்த களைப்பில் எழுதிய நான்கு சொற்கள் அவை. அடுத்த நாளே அவற்றை மறந்துவிட்டேன்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. ஆறாம் வகுப்பில் அவள் பெயரைக் காணவில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகளின் கணக்கெடுப்புக்காகத் தெருத்தெருவாகச் சென்றபொழுது அவள் வீட்டுத் திண்ணைக்கும் போனேன். தாயும் மகளும் சுளகோடு அமர்ந்திருந்தார்கள். ஏன் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று சற்று அதிகாரத்துடனேயே கேட்டேன். அந்த அம்மாள் எழுந்து நின்று, மரியாதை குறையாமல், "அவளுக்குப் படிப்பு ஏறலன்னு நீங்கதான சார் எழுதியிருந்திய" என்றார்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்துக்காக மகள் கொண்டுவந்த தேர்ச்சி அறிக்கையை, பீடி கொடுக்கப் போன இடத்தில் கணக்குப்பிள்ளையிடம் காட்டியிருக்கிறார். அவர் கடையில் நின்றவர் அனைவரும் கேட்க, என் நான்கு சொற்களையும் படித்துச் சொல்லியிருக்கிறார். அத்துடன் முடிவாயிற்று. படித்தவர் எழுதிய சொல் பொய்யாகுமா? மந்தமான பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, நாளொன்றுக்கு நூறு பீடிக் கூலியை ஏன் இழக்க வேண்டும்? அந்த அம்மாள் செய்த கணக்கில் பிழையில்லை. நான் கொடுத்த எண்தான் பிழை.

நான் பேச்சற்று நின்றபொழுது, கடையிலிருந்து ஒரு பையன் வந்து அன்றைய கணக்கைக் கேட்டான். சிறுமி தலை நிமிராமலே சொன்னாள்: சுற்றிய கட்டு இவ்வளவு, அதில் தள்ளுபடியான பீடி இவ்வளவு, இலைக்குறைவு இவ்வளவு, அவை போகக் கூலி இவ்வளவு. பெருக்கலும் கழித்தலும் வகுத்தலும் ஒரு மூச்சில் நடந்து முடிந்தன. என் வகுப்பில் சிலேட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த அதே குழந்தை.

பல ஆண்டுகளுக்குப் பின், பிரேசில் நாட்டு ரெசிஃபே நகரத்தில் நிகழ்ந்த ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். 1985-இல் வெளிவந்தது அது. தெருவில் தேங்காயும் பழமும் விற்கும் ஏழைச் சிறுவர் ஐவரிடம் ஆய்வாளர் வாடிக்கையாளரைப் போல் சென்று விலை கேட்டனர். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு விடைகள் சரியாக இருந்தன. அதே எண்களைத் தாளில் வெறும் கணக்காக எழுதிக் கொடுத்தபொழுது, நூற்றுக்கு முப்பத்தேழே சரியாயின. சிறுவர்களுக்குக் கணக்கு வரும். பள்ளிக்கூடம் கணக்கை எழுதும் முறைதான் அவர்களுக்கு அந்நியம். இதனைப் படித்த இரவில் எனக்கு உறக்கமில்லை. ரெசிஃபே நகரத்துக்குச் சென்று அறிய வேண்டிய செய்தியா இது? எங்கள் ஊர்த் திண்ணையில் என் கண்முன்னே நடந்ததுதானே!

அந்த அம்மாளிடம் நான் எழுதியது தவறென்று சொன்னேன்; அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் சென்று சொன்னேன். அவர் புன்னகை செய்து, காபி தந்து அனுப்பினார். எழுதியதை நம்பியவருக்கு, வாயால் சொன்னதை நம்ப முடியவில்லை. சிறுமி பள்ளிக்குத் திரும்பவில்லை.

அன்பர்களே, இந்த இடத்தில் ஒரு வினா எழலாம். வறுமை இத்தனை வழிகளில் புகுமாயின், பள்ளிக்கூடம் என்னதான் செய்ய முடியும்? அமெரிக்க நாட்டில் 1966-இல் கோல்மன் என்னும் சமூகவியலார் தலைமையில் வந்த பேரறிக்கை, மாணவர் தேர்ச்சியை முடிவு செய்வதில் பள்ளியைக் காட்டிலும் குடும்பப் பின்னணிக்கே வலிமை மிகுதி என்றது. அதனைக் கேட்ட ஆசிரியர் பலர் மனம் சோர்ந்தனர். ஆயினும் 1983-இல் ஹெய்ன்மன், லாக்ஸ்லி என்னும் இருவர் ஏழை நாடுகளையும் செல்வ நாடுகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, மற்றொரு பக்கத்தைக் காட்டினர். நாடு ஏழையாக இருக்கும் அளவுக்கு, அங்கே பள்ளியின் தரமும் ஆசிரியரின் தரமும் மாணவர் தேர்ச்சியில் பெறும் பங்கு கூடுகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. காரணம் அறிவது அரிதன்று. செல்வர் வீட்டில் நூல் உண்டு, படித்த தாய் உண்டு, தனிப்பயிற்சி உண்டு. பள்ளி தவறினாலும் வீடு தாங்கிக்கொள்ளும். ஏழைப் பிள்ளைக்கோ எழுத்து கிடைக்கும் இடம் பள்ளி ஒன்றே. ஆதலின் நல்ல ஆசிரியரால் அதிக நன்மை அடைவதும் ஏழைப் பிள்ளையே. தவறான ஆசிரியரால் அதிகத் தீமை அடைவதும் அதுவே. இந்த இரண்டாம் பாதியை நான் ஓர் அறிக்கையிலிருந்து கற்கவில்லை.

தலைமையாசிரியன் ஆனபின் சில சிறு மாறுதல்களைச் செய்தேன். அவற்றுக்குப் பணம் வேண்டியிருக்கவில்லை. நேரம் கழித்து வரும் பிள்ளையை வாயிலில் நிறுத்தும் வழக்கத்தை நீக்கினேன். முதலில் உட்காரட்டும், காரணத்தை இடைவேளையில் தனியே கேட்கலாம் என்றேன். திங்கட்கிழமை முதற்பாடத்தைக் கதையும் பாட்டுமாக மாற்றி, கணக்கை உணவுக்குப் பின் வைத்தேன். பள்ளி விட்டபின் ஒரு மணி நேரம் ஒரு வகுப்பறையைத் திறந்துவைத்து, வீட்டுப்பாடத்தை அங்கேயே முடித்துப் போகச் செய்தேன். முறைவைத்து ஓர் ஆசிரியர் உடனிருப்பார். நோட்டுப் புத்தகம் இல்லையென்று எந்தப் பிள்ளையையும் எழுப்பி நிறுத்தக்கூடாது என்றேன். வகுத்தல் கற்பிக்கும்பொழுது பீடிக்கட்டையும் நெல் மரக்காலையும் கருப்பட்டிச் சிப்பத்தையும் கணக்காக்கிக் காட்டச் சொன்னேன். தேர்ச்சி அறிக்கையில் "மந்தம்" என்னும் சொல்லை எவரும் எழுதலாகாது என்று ஆசிரியர் கூட்டத்தில் சொல்லியபொழுது, காரணத்தையும் மறைக்காமல் சொன்னேன். எல்லாப் பிள்ளைகளும் முன்னேறினார்கள் என்று சொல்ல மாட்டேன். அதன்பின் இடையில் நின்றவர்களும் உண்டு. ஆனால் எங்கள் எழுத்தைக் காட்டி எவரும் நிறுத்தப்படவில்லை.

இன்று அரசு பாடநூலும் நோட்டும் சீருடையும் காலணியும் புத்தகப் பையும் பேருந்துப் பயணமும் விலையின்றித் தருகிறது. காலையில் சிற்றுண்டி, நண்பகலில் சத்துணவு. முதல் இழப்பை நாடு பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது எனலாம். நேரத்தையும் இடத்தையும் ஊரார் சேர்ந்து தரலாம். அந்நாளில் பிடி அரிசி கொடுத்து அடுப்பை எரித்த ஊர்கள், இன்று மாலையில் ஒரு கூடத்தையும் விளக்கையும் படிக்கும் பிள்ளைகளுக்குத் திறந்துவிட முடியாதா? கோயில் மண்டபமோ, சர்ச் கூடமோ, பள்ளிவாசல் தாழ்வாரமோ, சமுதாய நலக்கூடமோ, எதுவாயினும் தகும். நான்காவதான மதிப்பை மட்டும் எந்த ஆணையும் வழங்க முடியாது. அது ஆசிரியன் நாவிலும் பேனா முனையிலும் இருக்கிறது.

எங்கள் பாளையங்கோட்டையில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஃபுளாரன்ஸ் ஸ்வெயின்சன் என்னும் அம்மையார் காது கேளாப் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். பேச்சு வராத பிள்ளைக்கு அறிவும் இராது என்று உலகம் ஒதுக்கியிருந்த காலம் அது. கேட்கவில்லை என்பதால் அறிவில்லை என்று பொருளாகாது என அவர் கண்டார். அப்பள்ளி இன்றும் நடைபெறுகிறது. அதன் மதிலை ஒட்டி நடக்கும்பொழுதெல்லாம் எனக்குத் தோன்றும்: விடை சொல்லாத பிள்ளையை மந்தம் என்று எழுதுவதற்குமுன், நம் கேள்வி அதன் காதில் விழும் நிலையில் அந்தப் பிள்ளை இருந்ததா என்று முதலில் பார்த்திருக்க வேண்டும். காலையில் உண்டதா, இரவில் உறங்கிற்றா, வீட்டில் விளக்கு அதற்குக் கிடைத்ததா என்று கேட்டிருக்க வேண்டும். மூன்று கேள்விகள். கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும். அந்த நிமிடத்தை ஒரு சிறுமிக்கு நான் கொடுக்கவில்லை. இப்பொழுது வகுப்பறையில் நின்றுகொண்டிருக்கும் இளம் ஆசிரியர்கள் கொடுப்பார்களாயின், இந்தப் பேச்சுக்கு அதுவே பயன்.